கத்தி பொருந்திய கைத்துப்பாக்கிகள்: கதையும் சான்றும்

பழம்பொருள் எதுவாயினும் அதனுடன் ஒரு கதையும் கூடவே வரும். வாளாயின் அது போர்க்களம் கண்ட வாள். மோதிரமாயின் அரண்மனை மோதிரம். பொருள் கைமாறுந்தோறும் கதையும் கைமாறுகிறது. கைமாறுந்தோறும் சிறிது வளர்ந்தும் விடுகிறது. பொருளோ வாய் திறவாது. கதை சொல்லுவோரின் வாயோ மூடாது. இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்கே நிற்கிறது என்று தேடுவதே வரலாறு கற்போரின் கடமை.

இத்தகைய கதைகளை மிகுதியாகச் சுமந்து நிற்கும் கருவிகளுள் ஒன்று, கத்தி பொருந்திய கைத்துப்பாக்கி. சுடுவதற்கு ஒரு குழல். அதனோடு ஒட்டியோ, அடியில் மடிந்தோ ஓர் அலகு. பார்ப்போரைக் கண்டவுடன் வியக்கவைக்கும் பொருள் இது. வியப்பு மிகுந்த இடத்தில் விசாரணை குறைந்துபோவது மனித இயல்பு. அதனால்தான், இத்தகைய ஒன்றைக் கண்டவுடன் “இது திப்பு சுல்தான் ஷஹீத் அவர்களின் இடையில் இருந்தது” என்று கூறிவிடுவோரும், அதனை அப்படியே நம்பிவிடுவோரும் நம்மிடையே உளர். அக்கூற்றை எவ்வாறு சோதிப்பது? இக்கருவிகளை எவ்வாறு இனங்காண்பது? இவற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஏன் இரண்டையும் இணைத்தனர்?

முதலில், இப்படி ஒரு கருவி ஏன் தோன்றியது என்பதை அறிதல் வேண்டும். பழைய கைத்துப்பாக்கி ஒருமுறைதான் சுடும். குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, குண்டைச் செலுத்தி, கோலால் இடித்துக் கெட்டித்து, பின்னர் பற்றவைக்கும் மருந்தையும் கிண்ணத்தில் இடவேண்டும். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. சக்கிமுக்கிக் கல் தேய்ந்திருந்தால் பொறி பறக்காது. வெடித்தாலும் குறி தவறலாம். குறி தவறிய கணமே எதிரி நெஞ்சருகே வந்துவிடுவான். அப்போது கையிலிருப்பது மரமும் இரும்பும் சேர்ந்த ஒரு கட்டையே. அந்தக் கணத்துக்காக ஏற்பட்டதே துப்பாக்கியுடன் பிறந்த கத்தி. ஒற்றைக் குண்டின் மீது மனிதனுக்கு இருந்த அவநம்பிக்கையே இதன் தாய் எனலாம்.

இதிலிருந்தே ஒரு காலக்குறிப்பும் கிடைக்கிறது. பல குண்டுகளைத் தொடர்ந்து சுடும் சுழல்துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியபின், இந்த இணைப்புக்கு இருந்த தேவை குறைந்தது. அதன்பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை விந்தைப் பொருள்களாகவோ, சட்டைப்பைக்குள் மறைத்து வைக்கும் தற்காப்புக் கருவிகளாகவோ அமைந்தன.

நால்வகைக் குடும்பங்கள்

இனங்காண்பதில் முதற்படி, கருவி எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதாகும்.

முதலாவது, விசைவில்லால் விரியும் அலகு கொண்டது. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியைச் சங்கீன் என்று கூறுவர். அந்தச் சங்கீனைக் குழலோடு கீல் வைத்து மடித்து, ஒரு பிடிப்பினால் தடுத்து வைத்திருப்பார்கள். பிடிப்பை நகர்த்தியதும் வில் தள்ள, அலகு முன்னே பாய்ந்து நிற்கும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் ஜான் வாட்டர்ஸ் என்பவர் 1781 ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகையில் பித்தளைக் குழல் கொண்டவை பல உள்ளன. பிற்காலத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பட்டறைகளும் இவ்வமைப்பைச் சிறிய துப்பாக்கிகளில் மிகுதியாகக் கையாண்டன.

இரண்டாவது, மடங்காத அலகு கொண்டது. அமெரிக்கரான ஜார்ஜ் எல்ஜின் 1837 ஜூலையில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டுக் கடற்படை தென்கடல் ஆய்வுப் பயணம் ஒன்றிற்காக இத்தகைய 150 துப்பாக்கிகளை வாங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் சி. பி. ஆலன் அவற்றைச் செய்தளித்தார். குழலின் நீளம் ஏறத்தாழ 5 அங்குலம். அதன் அடியிலுள்ள அலகோ ஏறத்தாழ 11 அங்குலம். துப்பாக்கியைவிடக் கத்தியே பெரிது! சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் 1838 முதல் 1842 வரை நடைபெற்ற அப்பயணத்தின்போது, ஃபிஜித் தீவுக்கூட்டத்தின் மலோலோவில் 1840 ஜூலையில் இரு அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்கும் பெயரால் ஊர்கள் எரியூட்டப்பட்டன. தீவு மக்கள் பலர் மாண்டனர். கண்ணாடிப் பெட்டிக்குள் விந்தைப் பொருளாய்க் காட்சி தரும் இக்கருவிகளின் பின்னே இப்படியும் ஒரு வரலாறு உண்டு என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, மடக்குக்கத்தியின் உடலில் துப்பாக்கிக் குழல் அமைந்தது. கத்தி வார்ப்பில் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரின் அன்வின் அண்டு ராட்ஜர்ஸ் நிறுவனம் 1830களின் இறுதியிலிருந்து இவற்றைச் செய்தது. பார்வைக்குப் பருத்த பேனாக்கத்தி போலவே இருக்கும். இரண்டு அலகுகள் மடிந்திருக்கும், முதுகுப்புறத்தில் குறுங்குழல், கொம்பினாலான பிடி. குண்டு வார்க்கும் சிறு அச்சும் பிடிக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். அந்த அச்சு தொலைந்துபோகாமல் கிடைத்தால் பொருளின் மதிப்பு உயரும். பெல்ஜியத்தின் லூயி டோல்னே செய்த சுழல்துப்பாக்கியையும் இக்குடும்பத்தின் தம்பி எனலாம். பிடியை மடக்கினால் கைவிரல்களில் மாட்டும் குத்துவளையம். அடியில் மடிந்த குத்துவாள். நடுவில் ஊசித்தோட்டாக்கள் கொண்ட சுழலுருளை. அதற்கு நீண்ட குழலே இல்லை. “அப்பாஷ்” என்னும் பெயர் பாரிஸ் நகரத் தெருக்கும்பல்களைக் குறித்துப் பிற்காலத்தில் எழுந்தது. கருவி அதற்கு மூத்தது. எனவே பெயரைக்கொண்டு காலத்தைக் கணிப்பது பிழையாக முடியும்.

நான்காவது நம் நாட்டுக்கே உரியது: கட்டாரியின் இருபுறமும் சிறு துப்பாக்கிகளை இணைத்தது. கட்டாரி இந்தியாவின் தனிச்சிறப்பு வாய்ந்த ஆயுதம். பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த பயணி இப்னு பதூதா இதனைக் கண்டு, கலப்பையின் கொழுவைப் போன்றது என்றும், கையை உள்ளே நுழைத்தால் முன்கையை மறைத்துக் காக்கும் என்றும் எழுதிச் சென்றுள்ளார். அக்பரின் ஆயுதசாலையை விவரித்த அபுல் ஃபஸ்லும் இதனை ஜம்தர் என்னும் பெயரால் குறித்துள்ளார். இந்தப் பழைய கட்டாரியின் பக்கச் சட்டங்களில் துப்பாக்கிக் குழல்களை இணைத்தது பிற்கால வழக்கம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகையவை, சிறப்பாக ராஜபுதனப் பகுதியிலிருந்து வந்தவை, அருங்காட்சியகங்களில் உள்ளன.

முஹத்திஸ்கள் காட்டிய வழி

குடும்பத்தை அறிந்தபின் காலத்தையும் உடையவரையும் அறிய வேண்டும். இங்கே நமக்கு வழிகாட்ட அயல்நாட்டு நூல்களை மட்டும் நாடவேண்டியதில்லை. ஒரு செய்தியின் உண்மையை எவ்வாறு சோதிப்பது என்னும் கலையை நம் முன்னோர்களான ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து வைத்துள்ளனர். ஒவ்வொரு செய்தியிலும் அவர்கள் இரண்டைப் பார்த்தனர். ஒன்று இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடர். மற்றொன்று மத்தன் என்னும் செய்தியின் உள்ளடக்கம். தொடரில் வரும் இருவர் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா? வாழ்ந்திருப்பின் ஒருவரையொருவர் சந்தித்தார்களா? இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள், நம்பகமான இருவர் ஒரே காலத்தவராகவும் சந்திக்கக் கூடியவராகவும் இருப்பின் போதும் என்றார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ சந்திப்பு நிலைநாட்டப்பட வேண்டும் என்னும் கடுமையான அளவுகோலைக் கொண்டிருந்தார்கள்.

பழங்கருவிக்கும் இதே அளவுகோல் அப்படியே பொருந்துகிறது. இது யார் யார் கைவழி வந்தது என்னும் செய்தியே அதன் இஸ்னாத். அதன் இரும்பும் மரமும் முத்திரையும் அதன் மத்தன். இரண்டும் ஒன்றையொன்று மறுக்காதிருக்க வேண்டும்.

முதலில் ‘ஒரே காலத்தவரா?’ என்னும் சோதனையைச் செய்வோம். துப்பாக்கியின் காலத்தை உரைக்கும் முதற்சாட்சி, மருந்தைப் பற்றவைக்கும் பொறி. குதிரை எனப்படும் கொக்கியின் வாயில் கல் பிடித்திருந்து, எதிரே எஃகுத் தகடும் மருந்துக் கிண்ணமும் இருந்தால் அது சக்கிமுக்கித் துப்பாக்கி. சுத்தி மட்டும் இருந்து, அது அடிக்கும் இடத்தில் கேப்பு பொருத்தும் சிறு முலைக்காம்பு போன்ற குழாய் இருந்தால் அது கேப்புத் துப்பாக்கி. அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது 1807 இல். செம்பினாலான கேப்பு பரவியதோ அதற்கும் பின்னர், 1820களில். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதானது 1799 மே 4 ஆம் நாள். ஆகவே கேப்புத் துப்பாக்கியாகவே பிறந்த ஒன்றை அவர் கையில் கொடுப்பது, இறந்தவரிடமிருந்து பிறவாதவர் செய்தி கேட்டார் என்று கூறுவதை ஒக்கும். இத்தொடர் இங்கேயே அறுந்துவிடுகிறது.

“பிறந்த” என்று நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் பலவற்றைப் பிற்காலத்தவர் கேப்புக்கு மாற்றிக்கொண்டனர். அவ்வாறு மாற்றியதில், கிண்ணமும் எஃகுத் தகடும் இருந்த இடத்துத் திருகுத்துளைகளை அடைத்த தடம் பொறித்தகட்டில் தெரியும். தீப் புகும் பழைய துளையில் ஒரு சிறு உருளை திருகப்பட்டிருக்கும். மூலச் செய்திக்குள் பின்னவர் சொல் கலந்ததை ஹதீஸ் கலையில் முத்ரஜ் என்பர்; இதுவும் அத்தகையதே. கலந்ததைப் பிரித்துவிட்டால் மூலம் எஞ்சும். இதற்கு மாறாக, விலை மிகும் என்று கேப்புத் துப்பாக்கியை மீண்டும் சக்கிமுக்கியாக மாற்றிவைக்கும் வணிகரும் உளர். பொறியின் உறுப்புகள் புத்தம் புதியனவாயும் குழல் மட்டும் பழையதாயும் இருந்தால் ஐயுறுதல் நலம்.

முத்திரை என்னும் சாட்சி

இரண்டாவது சாட்சி, குழலில் பதிந்த சோதனை முத்திரை. மிகையான மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்காது தாங்கியதென்று அதிகாரம் பெற்ற சாலைகள் பதிக்கும் குறி இது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. கிரீடம், அதன்கீழ் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், அவற்றைச் சூழ பி, பி, சி என்னும் ஆங்கில எழுத்துகள் ஆகியவற்றால் ஆன அதன் முத்திரை 1904 வரை வழங்கியது. லியேஜ் நகரின் முத்திரை, நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்னும் எழுத்துகளும் ஒரு விண்மீனும் ஆகும். இது 1810 ஆம் ஆண்டு ஆணையின் வழிவந்தது. நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருப்பின் அது 1893க்குப் பிற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதங்களில் தொடக்கத்தில் இதய வடிவுக்குள் வி, ஈ, ஐ, சி எழுத்துகள் இருந்தன. 1808 முதல் நின்றெழும் சிங்கம் அவ்விடத்தைப் பிடித்தது. குழலிலோ அலகிலோ நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தால், அமெரிக்காவுக்கு வரும் பொருள்களில் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று 1890 இல் இயற்றிய சட்டம் 1891 இல் நடைமுறைக்கு வந்தபின் செய்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது சாட்சி, கத்தியும் குழலும் கூடும் இடம். இரண்டும் ஒன்றாகவே பிறந்தனவா, பின்னர் ஒருவர் மணம் முடித்து வைத்தாரா என்பதை இவ்விடமே கூறும். உடன்பிறந்தனவாயின் கீலுக்கென்றே குழலின் அடி தடிப்பாக விடப்பட்டிருக்கும். அலகு மடங்கிப் படிய இடம் வகுக்கப்பட்டிருக்கும். பல்லாண்டுகள் திறந்து மூடியதால் கீலும் பிடிப்பும் உரசும் இடங்களில் தேய்மானம் ஒத்திருக்கும். பின்னர் ஒட்டியதாயின் பற்றவைத்த தடம் தெரியும். சோதனை முத்திரையையே வெட்டிக்கொண்டு கீல் நிற்கும். கத்திக்கு ஒரு வயதும் குழலுக்கு ஒரு வயதுமாகத் துரு பிடித்திருக்கும். திருகாணிகளையும் நோக்க வேண்டும். பழைய திருகாணியின் தலைப்பிளவு குறுகியது, கையால் அராவியது. எந்திரத்தில் கடைந்த ஒரேசீரான மரை, அண்மைக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டாரி வகையில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. அலகு மிகப் பழையதாகவும் துப்பாக்கிகள் புதியனவாகவும் இருத்தல் கூடும். நம் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவில் அடித்தது. பிடியோ இங்குச் செய்தது. எனவே ஓருறுப்பின் வயதைக்கொண்டு முழுப்பொருளின் வயதைக் கூறலாகாது. இளைய உறுப்பின் வயதே இணைப்பின் வயது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று செய்யப்படுபவற்றில் தீப் புகும் துளை குழலுக்குள் சென்று சேர்ந்தே இராது. வார்ப்புத் தழும்புகள் மறைந்திரா. அமிலத்தால் ஏற்றிய பொய்த்துரு எங்கும் ஒரேயளவாய்ப் பரவியிருக்கும். உண்மையான துருவோ கை படும் இடத்தில் குறைந்தும், இடுக்குகளில் மிகுந்தும் இருக்கும்.

சந்திப்புக்குச் சான்று எது?

இனி, வாட்டர்ஸின் விசைவில் சங்கீன் கொண்ட சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று நம் முன் வைக்கப்படுகிறது எனக் கொள்வோம். அதன் காப்புரிமை ஆண்டு 1781. திப்பு அரியணை ஏறியது 1782இல். இருவரும் ஒரே காலத்தவர், ஐயமில்லை. ஆனால் சந்தித்தார்களா? இங்கேதான் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் கடுமையான அளவுகோல் நமக்குத் துணை நிற்கிறது. காலம் பொருந்துவது ‘இருக்கலாம்’ என்பதற்கே சான்று. ‘இருந்தது’ என்பதற்கு அன்று.

திப்பு சுல்தானின் பட்டறைகளில் பிறந்த துப்பாக்கிகள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்கின்றன. புலித்தலை வடிவங்கள், புலிவரிக் கோலங்கள், ஹைதர் என்னும் பெயரைச் சுட்டும் முத்திரை, ‘சர்க்காரே குதாதாத்’ என்னும் அரசின் பெயர், பட்டறை அமைந்த ஊர் ஆகியன அவற்றில் காணப்படும். அவற்றினும் நுட்பமானது ஆண்டுக்குறிப்பு. திப்பு மவ்லூதி என வழங்கும் புதிய ஆண்டுக்கணக்கை ஏற்படுத்தினார். அதில் 1215 என்பது கி.பி. 1787ஐ ஒட்டியது. அவ்வாண்டின் இலக்கங்களை அவர் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். ஆதலின் வழக்கம்போல இடப்புறமிருந்து படிப்பவருக்கு அது 5121 என்று தோன்றும். இந்நுட்பம் அறியாத போலிக்காரன் ஹிஜ்ரி ஆண்டையோ கிறித்தவ ஆண்டையோ வெட்டிவைத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுப்பான்.

இக்குறிகள் இருந்தால் அரசின் பட்டறையில் பிறந்தது என்று கூறலாம். அப்போதும், சுல்தானே கையில் ஏந்தினார் என்பதற்கு இடையறாத கைமாற்றத் தொடர் வேண்டும். கோட்டை வீழ்ந்தபின் வெற்றி பெற்றோர் அரண்மனைச் செல்வங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டதும், அவை பல நாடுகளுக்குச் சிதறியதும் வரலாறு. அந்தப் பங்கீட்டின் ஏடுகளிலோ, பெற்றவர் குடும்பத்துப் பட்டியல்களிலோ அப்பொருள் இடம்பெற்றிருந்தால் அதன் இஸ்னாத் வலுப்பெறும். “எங்கள் பாட்டனார் சொன்னார்” என்பது மட்டும் இருப்பின், அது மரியாதைக்குரிய செய்தி. ஆனால் முடிந்த சான்றன்று.

கையில் எடுக்குமுன்

இத்தகைய பொருள் ஒன்று கிட்டினால் முதலில் செய்ய வேண்டியது ஆராய்ச்சியன்று, காப்பு. வாய்வழி மருந்திடும் துப்பாக்கி நூறாண்டுகளாக மருந்தோடும் குண்டோடும் கிடத்தல் கூடும். அந்த மருந்து காய்ந்திருந்தால் இன்றும் வெடிக்கும். குழல்வாய்க்கு நேரே முகத்தை வையாது, மெல்லிய மரக்கோலை உள்ளே விட்டு, அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அக்கோலைக் குழலின் வெளிப்புறத்தே வைத்துப் பார்க்க வேண்டும். தீப் புகும் துளைவரை கோல் எட்டவில்லையெனில் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது உரியவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. விசைவில் அலகு எதிர்பாராது பாயும் என்பதையும் நினைவிற் கொள்க. பளபளக்கச் செய்ய வேண்டும் என்று மணல்தாள் கொண்டு தேய்ப்பது பெருங்கேடு. தேய்த்தவர் துருவை மட்டும் அன்று, சாட்சியின் நாவையும் அறுத்துவிடுகிறார். நூறாண்டு கடந்த தொல்பொருள்களுக்கு 1972 ஆம் ஆண்டுச் சட்டமும், சுடுகருவிகளுக்கு 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இந்நாட்டில் உள்ளமையால், சட்டம் அறிந்தவரைக் கலந்துகொள்வதும் கடமையாகும்.

ஒரு துருப்பிடித்த கைத்துப்பாக்கிக்காக இத்துணை விசாரணையா என்று சிலர் கேட்கக்கூடும். திப்பு சுல்தானின் பெருமை ஒரு கைத்துப்பாக்கியால் கூடுவதும் இல்லை. அது போலி என்று தெரிவதால் குறைவதும் இல்லை. ஆனால் நாம் ஒரு பொய்யான நினைவுச்சின்னத்தை மெய்யென்று உயர்த்திப் பிடித்து, நாளை அஃது அயலாரால் பொய்யென்று நிறுவப்படுமாயின், நம்மிடமுள்ள மெய்யான சான்றுகளையும் உலகம் ஐயத்தோடு நோக்கும். ஒரு பொய் அறிவிப்பாளர் அகப்பட்டுவிட்டால் அவர் சொன்ன மற்றவற்றையும் ஒதுக்கி வைத்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த நீதி நமக்கும் பொருந்தும்.

ஷெஃபீல்டின் கத்தியை ஷெஃபீல்டின் கத்தியென்றும், லியேஜின் துப்பாக்கியை லியேஜின் துப்பாக்கியென்றும் கூறுவதில் நமக்கு இழிவு ஏதுமில்லை. அப்படியொரு பொருள் கடல் கடந்து நம் ஊர் வீட்டுப் பேழைக்குள் எவ்வாறு வந்தது என்பதே ஆராயத்தக்க நல்ல வரலாறு. வீட்டில் பழம்பொருள் வைத்திருக்கும் அன்பர்கள், அதனைப் பற்றித் தாம் கேட்டதை, யாரிடம் எப்போது கேட்டோம் என்னும் குறிப்போடு இன்றே எழுதி வைப்பார்களாக. பொருள் ஓர் அமானிதம். அதன் உண்மையும் அமானிதமே.